டீச்சரம்மா பேட்டரிக்குச் சம்மதம் சொன்ன கதை

மடிக்கணினிக்கு வயதாகிவிட்டால் மனிதருக்கு வருகிற அத்தனையும் வந்துவிடும். மீட்டர்காரர் வீட்டில் இருந்ததற்கு ஒன்றும் பாக்கியில்லை. எழுப்பினால் எழுந்திருக்க ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் நேரம் பிடிக்கும். எழுந்ததும் இருமும். மூடியின் கீல் ஒரு பக்கம் விட்டுப்போனதால் மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டி நிறுத்தியிருந்தார். சார்ஜர் ஒயரை வலப்பக்கமாக வளைத்து அதன்மேல் ஒரு தடி அகராதியை வைத்தால்தான் மின்சாரம் உள்ளே போகும். யாராவது அகராதியை எடுத்து ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்தால் கணினி மயங்கி விழும். அதனால் அந்த வீட்டில் பல சொற்களுக்கு அர்த்தம் தெரியாமலே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. அந்தக் கணினிக்குள்தான் மீட்டர்காரர் மனைவியின் குரல் இருந்தது.

மீட்டர்காரர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். அந்தத் தொண்டையில் நோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவமனையில். எடுப்பதற்கு முன் அங்கிருந்த ஒரு பெண் டீச்சரம்மாவை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டாள். அதைக் கொண்டு ஒரு மென்பொருள் செய்து இந்த மடிக்கணினியில் போட்டுத் தந்தார்கள். டீச்சரம்மா தட்டச்சு செய்து பேசுவதற்கான விசையை அழுத்தினால் கணினி அவர் குரலிலேயே பேசும். கோபித்துக்கொண்டால்கூட அவர் கோபித்துக்கொள்வது போலவே இருக்கும். மென்பொருளைச் செய்த நிறுவனம் பிற்பாடு கடையை மூடிவிட்டு வேறு ஏதோ நல்ல தொழிலுக்குப் போய்விட்டது. குரலை இன்னொரு கணினிக்கு மாற்ற வழியில்லை.

டீச்சரம்மாவின் அப்பா வேறொரு ஊரில் முதியோர் இல்லத்தில் இருந்தார். கண் முழுக்கப் போய்விட்டது. தினமும் சாயங்காலம் மகளோடு ஃபோனில் பேசுவார். பேசி முடித்தால்தான் சாப்பாடு. மகள் கணினி வழியாகப் பேசுகிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும், குரல் குரல்தானே.

ஒரு சாயங்காலம், "அப்பா, நாளைக்கு நான்" என்றதோடு கணினி நின்றுபோனது. அகராதியை அழுத்திப் பார்த்தார் மீட்டர்காரர். இன்னொரு அகராதியும் வைத்துப் பார்த்தார். வேலைக்காகவில்லை. ஃபோனைக் கையில் எடுத்தார்.

"மாமா, கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. உங்களுக்கு நாளைக்கு மருந்து அனுப்பறேன்னு சொல்ல வந்தா."

"அதை அவளையே சொல்லச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"அவ எப்படி மாமா சொல்லுவா? இங்கதான் இருக்கா. தலையாட்டறா."

"தலையாட்டினா எனக்குக் கேக்குமா?"

மாமனார் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். சாட்சி இல்லாமல் ஒன்றையும் நம்புகிற பழக்கம் கிடையாது. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது, மாப்பிள்ளை மறைக்கிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். மறுநாள் இல்லத்து வார்டன் அம்மா ஃபோனில் வந்தாள். "பெரியவர் தட்டைத் தொடவே மாட்டேங்கறாருங்க. பொண்ணு குரலைக் கேட்டாத்தான் சாப்பிடுவாராம். பால் மட்டும் கெஞ்சிக் குடுத்திருக்கோம். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

மீட்டர்காரர் கணினியைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே பேட்டரி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் வயிறு போல உப்பியிருந்தது. தெருமுனையில் ஃபோன் பழுதுபார்க்கிற கடைக்காரரிடம் அதே அளவில் புதுசு ஒன்று வாங்கி வந்து, டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டார். கணினி இருமிக்கொண்டு எழுந்தது. டீச்சரம்மா கைதட்டினார். திரையில் ஒரு வரி வந்து நின்றது: "அறிமுகமில்லாத உறுப்பு பொருத்தப்பட்டுள்ளது. நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளவும்." அதற்கு மேல் எதை அழுத்தினாலும் அசையவில்லை.

கடைக்காரர் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "இது அவங்க பூட்டு சார். புது பேட்டரியைக் கம்பெனிக்காரங்களே கம்ப்யூட்டருக்கு அறிமுகம் பண்ணி வைக்கணும். நாங்க பண்ணி வச்சா அது முகத்தைத் திருப்பிக்கும்."

அப்படித்தான் மீட்டர்காரர், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இல்லப் பழுதுநீக்க அனுமதிப் பிரிவுக்கு ஃபோன் செய்தார். வாத்திய இசை ஒன்றை முழுக்கக் கேட்டு, அது மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அவருக்கே அது மனப்பாடமான பிறகு ஓர் அலுவலர் வந்தார். இனிமையான குரல்.

"வீட்டிலேயே பழுதுபார்ப்பது உங்கள் உரிமை சார். சட்டமே வந்துவிட்டது. எங்கள் நிறுவனம் அந்தச் சட்டத்தை முழு மனதோடு வரவேற்று, யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்திவிடாதபடி பார்த்துக்கொள்ள ஒரு பெரிய பிரிவையே ஏற்படுத்தியிருக்கிறது."

"தவறான்னா எப்படிங்க?"

"பழுதைச் சரிசெய்துவிடுவது சார். அனுமதி இல்லாமல்."

"நான் ஏற்கெனவே பேட்டரியை மாத்திட்டேங்க. நல்லா எழுந்துக்குது. அறிமுகம் மட்டும் பண்ணி வச்சீங்கன்னா போதும்."

"ஐயோ, அப்படியென்றால் உங்கள் கணினி இப்போது பழுதாக இல்லையே சார். பழுதாக இல்லாத கணினிக்குப் பழுதுநீக்க உதவி தர எங்களுக்கு அதிகாரம் கிடையாது. முதலில் அந்த நல்ல பேட்டரியை எடுத்துவிட்டுக் கெட்டதைத் திரும்பப் போடுங்கள். போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்."

மீட்டர்காரர் கெட்டதைத் திரும்பப் போட்டார். போடும்போது கை கூசியது. டீச்சரம்மா சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "இவனுக்குக் கணக்கு நடத்தினது யாரு?"

மறுபடி கூப்பிட்டு விண்ணப்பித்த சில நாளில், நிறுவனம் அனுப்பிய இரவல் கருவிப் பெட்டிகள் வந்து இறங்கின. இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படி ஏறினார்கள். ஒரு பெட்டி வாசலுக்குள் நுழையாமல் படியிலேயே நின்றுவிட்டது. மேல்வீட்டுக்காரர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போனார்கள். உள்ளே வந்த பெட்டியில் ஒரு மேலங்கி, ஒரு தொப்பி, ஒரு விளக்கு, பேட்டரியை ஒட்டவைத்த பசையை இளக்க ஓர் அடுப்பு, அதை மறுபடி ஒட்டவைக்க ஆள் உயரத்துக்கு ஓர் அழுத்தி எல்லாம் இருந்தன. சிலேட்டு அகலத்துக்கு ஒரு பேட்டரியை எடுக்க இவ்வளவும். திருப்புளி மட்டும் இல்லை. கேட்டதற்கு, திருப்புளி கூர்மையான பொருள் என்பதால் தனிப் பாதுகாப்போடு வரும் என்றார்கள். அது தபாலில், ஒரு சாதாரண உறைக்குள், முனை வெளியே துருத்திக்கொண்டு வந்து சேர்ந்தது.

அடுத்தது பணியிடப் பரிசோதனை. அதை நடத்த மேற்பார்வையாளர் ஒருவர் ஃபோன் திரையில் வந்தார். டை கட்டியிருந்தார். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று வாய் திறந்தபடி உறைந்துவிடுவார். பக்கவாட்டில் தட்டும் சத்தம் கேட்கும். பிறகு உயிர் வந்து தொடர்வார்.

"மன்னிக்கணும் சார், எங்க அலுவலகக் கம்ப்யூட்டர் கொஞ்சம் பழசு."

"சரிபண்ணிக்கக் கூடாதாங்க?"

"விண்ணப்பிச்சிருக்கோம் சார்."

மீட்டர்காரர் ஃபோனைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். மேசை என்று ஒன்று சமையலறையில்தான் இருந்தது. மேற்பார்வையாளர் அதன் நீளம், உயரம், ஆட்டம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

"இந்த நிமிஷத்திலிருந்து இது சமையலறை இல்லை சார். அங்கீகரிக்கப்பட்ட பணிக்கூடம். பணிக்கூடத்தில் உணவு, நீராவி, எண்ணெய் எதுவும் கூடாது. அந்தம்மா கையில் என்ன?"

"கரண்டிங்க."

"உலோகம். வெளியே."

அன்றிலிருந்து அவர்கள் படுக்கையறையில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தார்கள். தலையணை உறையெல்லாம் தாளித்த வாசனை. மீட்டர்காரருக்குத் தூங்கும்போதும் பசித்தது.

எல்லாம் கூடி வந்த பிறகு மேற்பார்வையாளர் கேட்டார்: "உரிமையாளர் சம்மதம் வாங்கிடலாமா சார்?"

"நான்தாங்க சம்மதிக்கிறேனே. சம்மதிக்காமலா இவ்வளவு தூரம் வந்திருக்கேன்?"

"நீங்க உரிமையாளர் இல்லையே. கணினி உங்க மனைவி பேர்ல இருக்கு."

உண்மைதான். ஆசிரியர் சலுகையில் வாங்கியது.

"நான் அவ புருஷங்க."

"சட்டப்படி நீங்கள் மூன்றாம் நபர். வீட்டில் தானே பழுதுபார்க்கும் உரிமையில், 'தானே' என்றால் உரிமையாளர்தான். உரிமையாளர் வாய்விட்டுச் சம்மதம் சொன்னால் நீங்கள் அவருடைய கையாகச் செயல்படலாம். ஒரே ஒரு 'சரி' போதும் சார். பதிவு செய்துகொள்கிறோம்."

"அவளுக்குக் குரல் இல்லீங்க."

"எப்போ வரும்?"

"வராதுங்க. அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவும்."

மேற்பார்வையாளர் உறைந்துபோனார். இந்த முறை கணினி காரணமில்லை. யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"மேலிடத்தில் பேசிவிட்டேன் சார். உங்கள் நிலைமையை நிறுவனம் உணர்கிறது. ஆனால் ஒரு கணினி தன்னுடைய பழுதுக்குத் தானே சம்மதம் சொல்வதை எங்களால் ஏற்க முடியாது. சொந்த நலன் கலந்துவிடும்."

டீச்சரம்மா சிலேட்டில் பெரிதாக 'சரி' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, ஃபோனுக்கு எதிரே பிடித்தார்.

"அம்மா, கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். குரலை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது" என்றார் மேற்பார்வையாளர், மரியாதையாக.

டீச்சரம்மா சிலேட்டை இறக்கினார். குரல்வளையை எடுத்தபோது மூச்சுக்காக அவர் கழுத்தில் வைத்த சின்னத் துளையை மூடியிருந்த துணி ஒரு முறை உப்பி அடங்கியது.

மீட்டர்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேலங்கியைக் கழற்றவும் தெம்பில்லை. "வேற வழியே இல்லீங்களா? அங்க ஒரு பெரியவர் சாப்பிடாம கெடக்கார்" என்றார். குரலில் கோபம் கூட மிச்சமில்லை.

"இருக்கு சார், ஏன் இல்லாம? உரிமையாளரால் பேச முடியாதபோது, ரத்த உறவு ஒருவர் குரல் வழியாக, உரிமையாளர் நலமாக இருக்கிறார், அவர் சார்பில் நான் சம்மதிக்கிறேன் என்று சொன்னால் போதும். பிள்ளைகள்?"

"இல்லீங்க."

"கூடப் பிறந்தவர்கள்?"

"இல்லீங்க. அப்பா ஒருத்தர்தான்."

"அருமை. அவரை இணைப்பில் கூப்பிடுங்கள்."

உலகத்தில் அத்தனை பேர் இருக்க, டீச்சரம்மா நலமாக இல்லை என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதரிடம், டீச்சரம்மா நலமாக இருக்கிறார் என்று சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டியதாயிற்று. வார்டன் அம்மா பெரியவர் காதில் ஃபோனை வைத்தாள்.

"வணக்கம் ஐயா. நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது."

"செய்யுங்க. கோர்ட்டுக்கு உதவும்."

"உங்கள் மகள் உயிரோடும் சுயநினைவோடும் இருக்கிறார் என்பதை உறுதிப்படுத்துகிறீர்களா?"

"யோவ், அதைத்தானே நான் இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்! நீ யாரு, போலீஸா?"

"மாமா, அவரு கம்ப்யூட்டர் கம்பெனிங்க" என்று மீட்டர்காரர் குறுக்கே வந்தார். "அவ நல்லாயிருக்கான்னு நீங்க சொன்னாத்தான்..."

"மூன்றாம் நபர் சாட்சியைத் தூண்டக்கூடாது சார்" என்றார் மேற்பார்வையாளர். "ஐயா, உங்கள் மகள் குரலைக் கடைசியாகக் கேட்டது எப்போது?"

"கேட்டீங்களா மாப்பிள்ளை? இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. எத்தனை கேஸ் பார்த்திருக்கேன்."

"உங்கள் வேதனையை எங்கள் நிறுவனம் புரிந்துகொள்கிறது ஐயா." இது அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த வரி. எந்த இடத்தில் சொல்லவேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுமுனையில் பெரியவரின் குரல் வந்தது, குமாஸ்தா குரல் இல்லை. "அப்போ போயிட்டாளா? எனக்கு முன்னாடியே போயிட்டாளா? ஏன் மாப்பிள்ளை எங்கிட்ட சொல்லலை?" அவர் அழுகிற சத்தம் ஃபோன் வழியாகச் சமையலறை முழுக்க, மன்னிக்கவும், பணிக்கூடம் முழுக்கக் கேட்டது.

டீச்சரம்மா வாயைத் திறந்தார். கழுத்துத் துளையில் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை திறந்தார். பிறகு எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. படுக்கையறைக்குள் போய், கதவைப் படீரென்று சாத்தினார். திறந்து, இன்னொரு முறை சாத்தினார். அழுத்தியின் மேல் வைத்திருந்த தொப்பி கீழே விழுந்தது.

பெரியவர் அழுகையை நிறுத்தினார். "என்ன சத்தம் அது?"

"கதவு மாமா."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

"அவதான்." மூக்கை உறிஞ்சினார். "அவளேதான். ஒரு தடவை சாத்தறதை ஊர்ல யாரும் செய்வாங்க. சாத்தினதைத் தொறந்து, பத்தாதுன்னு மறுபடி சாத்துறது அவ ஒருத்திதான். பாவாடை கட்டின காலத்துலேர்ந்து அப்படி. எத்தனை கீல் மாத்தியிருக்கேன் தெரியுமா? யோவ், கம்பெனி! எழுதிக்க. என் பொண்ணு நல்லாயிருக்கா. கோவமா இருக்கா. என்ன கேக்கறியோ அதுக்குச் சம்மதம்."

"நலமாக இருக்கிறார் என்று மட்டும் பதிவு செய்கிறேன் ஐயா" என்றார் மேற்பார்வையாளர். "கோபத்துக்கு எங்களிடம் இடமில்லை."

"சாப்பிடறீங்களா மாமா?" என்று மீட்டர்காரர் ஆசையாகக் கேட்டார்.

"கதவு பேசினதைக் கேட்டுட்டேன். அவ பேசட்டும், சாப்பிடறேன்" என்று ஃபோனை வைத்தார் பெரியவர்.

மறுநாள் காலையில் பழுதுநீக்கம் தொடங்கியது. மேலங்கி, தொப்பி, விளக்கு. மேற்பார்வையாளர் திரையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, மீட்டர்காரர் ஒவ்வொன்றாகச் செய்தார். திருகாணியைக் கழற்றும் முன் "கழற்றப் போகிறேன்" என்று சொல்லவேண்டும். கழற்றியதும் "கழற்றினேன்" என்று சொல்லவேண்டும். நடுவில் மேற்பார்வையாளர் உறைந்துபோனால், திருப்புளியைக் காற்றில் பிடித்தபடி மீட்டர்காரரும் உறைந்து நிற்கவேண்டும். போன தடவை டீ ஆறுவதற்குள் செய்த வேலை, இந்தத் தடவை சாயங்காலம் வரைக்கும் இழுத்தது. நிறுவனம் அனுப்பிய பேட்டரி, தெருமுனைக் கடையில் வாங்கியதற்கு இரட்டைப் பிறவி போல இருந்தது. மீட்டர்காரர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"இப்போது பேட்டரியைக் கணினிக்கு அறிமுகப்படுத்துகிறேன். யாரும் பேசக்கூடாது" என்றார் மேற்பார்வையாளர்.

ஒருவருக்குப் பேச வராது, இன்னொருவருக்குத் தெம்பில்லை. அதனால் அமைதிக்குக் குறைவில்லை.

கணினி இருமியது. திரை வெளுத்தது. மென்பொருள் திறந்தது. மேற்பார்வையாளர் டையைச் சரிசெய்துகொண்டு ஒரு சிறு உரை ஆற்றினார்.

"வாழ்த்துக்கள் சார். சாதாரண மக்களாலும் தங்கள் கணினியைத் தாங்களே சரிசெய்துகொள்ள முடியும் என்பதற்கு நீங்கள் ஓர் எடுத்துக்காட்டு. இனி யாருக்கும் இந்த எண்ணம் வராதபடி உங்கள் அனுபவத்தை நாங்கள் வெளியிடுவோம். ஒரு சின்ன விஷயம். உங்கள் கணினி இன்று முதல் 'பிறர் கை பட்டது' என்ற வகையில் சேர்கிறது. அது வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் ஓர் அறிவிப்பு வரும். உங்கள் பாதுகாப்புக்காக."

"பிறர் கையா? உங்க பெட்டி, உங்க அடுப்பு, உங்க பேட்டரி, நீங்க சொல்லச் சொல்லத்தானே செஞ்சேன்?"

"ஆனால் உங்கள் கை, சார்" என்று சொல்லிவிட்டு அவர் மறைந்தார்.

மாமனாருக்கு ஃபோன் போட்டார்கள். டீச்சரம்மா உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டினார். பேசுவதற்கான விசையை அழுத்தினார். அவருடைய குரல், ஒரு பிசிறும் மாறாமல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற அதே குரல் பேசியது:

"எச்சரிக்கை. இதைத் திறந்து கைவைத்தவர் தகுதியற்றவர். அவர் செய்த எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அப்பா, நான்தான். சாப்பிட்டீங்களா?"

மறுமுனையில் பெரியவர் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

"யாரைச் சொல்றம்மா? அதைத் தொறந்து கைவச்சது யாரு? மாப்பிள்ளையா?"

டீச்சரம்மா அவசர அவசரமாகத் தட்டினார். "எச்சரிக்கை. இதைத் திறந்து கைவைத்தவர் தகுதியற்றவர். அவர் செய்த எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல. அப்பா, அது நான் சொல்லலை, கம்பெனி சொல்றது."

அதற்குள் மறுமுனையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. கம்பெனி என்ற சொல் அதில் முங்கிப்போனது.

"இதைத்தான் உன் கல்யாணத்தப்ப நான் தலையால தண்ணி குடிச்சுச் சொன்னேன். என்ன சண்டை போட்ட எங்கிட்ட! இப்பவாவது உன் வாயால வந்துச்சே. வார்டன் அம்மா, இங்க வாங்க, என் பொண்ணு சொல்றதைக் கேளுங்க. தட்டைக் கொண்டாங்க, பசிக்குது."

தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. கரண்டி சத்தமும் கேட்டது. பெரியவர் மென்றுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே விழுங்கினார்.

டீச்சரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பெரிய விளக்கமாக ஒன்றை எழுத ஆரம்பித்தார். மீட்டர்காரர் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. முதல்ல சாப்பிட்டு முடிக்கட்டும்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. கரண்டியும் நின்றது. "என்னம்மா, பேச்சைக் காணோம்? லைன்ல இருக்கியா?" என்றார் பெரியவர். குரலில் பழைய சந்தேகம் லேசாக எட்டிப் பார்த்தது. "தட்டுல இன்னும் பாதி கெடக்கு."

டீச்சரம்மா கணவரைப் பார்த்தார். மீட்டர்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தானே கை நீட்டி, பாதி எழுதியிருந்த விளக்கத்தை அழித்து, எச்சரிக்கை மட்டும் வரட்டும் என்று வெறும் திரையிலேயே பேசுவதற்கான விசையை அழுத்தினார்.